எதிர்ப்பக்கம் சுழன்ற றெக்கை

அத்தியாயம் 7

மெக்கானிக் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இந்த அறைக்கு ஒரு பின்வாசல் வைத்திருக்கலாம்.

திட்டுவார் என்று நினைத்தேன். சட்டையைப் பிடித்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணி எழுதிக் கொடுத்த அறிக்கையால் வேலையை இழந்தவர் அவர். ஆனால் மனிதர் குரலைக்கூட உயர்த்தவில்லை. துணிப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை ஒரு தடவை பாருங்க மேடம்."

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. பதினாலு வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்துவிட்டு, வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தவர். நான் மூன்று தொழில்களில் தோற்றுப்போய் நான்காவதாக அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். கார் ஓட்டுவேன், போட்டோ எடுப்பேன், பேசுவேன். மூன்றாவதை யாரும் கேட்டதில்லை.

அண்ணி காகிதத்தைப் பிரித்தார். கறுப்பாக, முழங்கை நீளத்தில், ஒரு முனை கூராகவும் மறுமுனை பிய்ந்தும் ஒரு துண்டு.

"றெக்கைத் துண்டு" என்றார் மெக்கானிக். "மைதானத்துக்கு அந்தப் பக்கம் வேலியோரமா புதர்ல கிடந்துச்சு. நேத்து போய்த் தேடினேன்."

"எதுக்குத் தேடினீங்க?"

"வேலை இல்லல்ல மேடம். பொழுது போகணுமே."

என் வாய் திறந்துவிட்டது. அண்ணி பார்த்த பார்வையில் தானாக மூடிக்கொண்டது.

வழக்கு இதுதான். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் பாராமோட்டார் செய்கிறார்கள். முதுகில் மூட்டை மாதிரி மாட்டிக்கொள்ளும் எஞ்சின், அதன் பின்னால் சுழலும் புரொப்பெல்லர், கயிறும் கையும் அதில் மாட்டிவிடாமல் இருக்க வலை கட்டிய வட்டக் கூண்டு, தலைக்குமேல் விரியும் துணிச் சிறகு. நாலு எட்டு ஓடினால் ஆள் ஆகாயத்தில். பட்டறை முதலாளியே டிசைனர். அவர் செய்யும் ஒவ்வொரு மெஷினையும் முதலில் பறக்கவிட்டுப் பார்ப்பவர் அவருடைய தங்கை. விபத்து நடந்த காலை, தங்கையின் கால் தரையைவிட்டு எழும்பியதும் மெஷின் இடது பக்கமாகச் சரிந்து, மைதான ஓரத்து விளக்குக் கம்பத்தில் மோதியது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன.

யார் தவறு என்று கண்டுபிடிக்க, காப்பீட்டுக் கம்பெனி எங்களை அனுப்பியது. நாங்கள் ஒரே நாளில் கண்டுபிடித்தோம். ஆளை மெஷினோடு கட்டும் இரண்டு தோள்பட்டைகளில் வலதுபட்டை இரண்டு விரல் அளவு கட்டையாக இருந்தது. அதைக் கட்டியவர் மெக்கானிக். முடிந்தது கதை.

"அன்னைக்கே சொன்னேன் மேடம். ரெண்டு பட்டையும் சமமா இருக்கக் கூடாது. சமமா இருந்தாத்தான் தப்பு" என்றார் அவர். "புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுத்தினா, மாட்டியிருக்கிற ஆளை எதிர்ப்பக்கம் முறுக்கும். எங்க பெல்ட் மாடல் ஆளை வலது பக்கமா சாய்க்கும். அதனால வலதுபட்டையைக் கட்டையா வெச்சு அந்தத் தோளைத் தூக்கிவிடணும். அப்பத்தான் நேராப் போகும். ஆறு வருஷமா அப்படித்தான் கட்டறேன்."

"இதை இவ்ளோ தெளிவா அன்னைக்கு ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்ல ஆரம்பிச்சேன் சார். நீங்க டெய்லர் ஜோக் அடிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் யாரும் என்னைக் கேக்கல."

எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் இருந்திருக்கலாம். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, அந்தப் பட்டைகளைத் தூக்கிப் பிடித்து நான் சொன்னேன்: "ஒரு காலுக்கு ஃபுல் பேன்ட், ஒரு காலுக்கு அரை டிரவுசர். நல்ல டெய்லருய்யா நீ!" பெரிய சிரிப்பு. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொல்லிக் காட்டினேன்.

"எனக்கு அந்த வேலை வேணாம்" என்றார் மெக்கானிக். "கூப்பிட்டாலும் போக மாட்டேன். கெட்ட பேரு மட்டும் போகணும். என் பொண்ணு கிளாஸ்ல படிக்கிற ஒரு பையனோட அப்பா அந்தப் பட்டறையிலதான் இருக்கார். இப்ப ஸ்கூல்ல அவளை 'டெய்லர் பொண்ணு'ங்கறாங்க. டெய்லர் வேலை ஒண்ணும் கேவலம் இல்ல சார். ஆனா அவங்க அந்த அர்த்தத்துல கூப்பிடல."

அவர் போன பிறகு அண்ணி பழைய கோப்பை எடுத்துப் பிரித்தார். டிசைனரின் வாக்குமூலம் இரண்டு பக்கம். மெக்கானிக்கின் வாக்குமூலம் ஒரே வரி: 'பட்டை அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார், காரணம் விளக்க இயலவில்லை.'

"இயலவில்லைன்னு எழுதியிருக்கேன் பாரு தம்பி" என்றார் அண்ணி. "விளக்க விடலைன்னு எழுதியிருக்கணும்."

"டிசைனரையும் கேட்டீங்களே அண்ணி?"

"கேட்டேன். பட்டை ஏத்த இறக்கமா இருக்க ஏதாவது காரணம் உண்டான்னு. ஒண்ணும் இல்லைன்னார். குளுகுளு ரூம்ல உக்கார வெச்சு, காபி கொடுத்துச் சொன்னார். எழுதிக்கிட்டேன். இன்னொருத்தரை நிக்க வெச்சே பேசி அனுப்பிட்டேன். பதினாலு வருஷ அனுபவம்!"

அண்ணி தன்னைத் தானே இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். என் சரக்கெல்லாம் அந்த நேரம் பார்த்துப் புளித்துக் கிடந்தது.

அவர் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன கோடையில உன் வீட்டு ஃபேனை நீயே ரிப்பேர் பண்ணினியே, ஞாபகம் இருக்கா?"

மறக்க என் மனைவி விட்டால்தானே! ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றி மூன்று நாள் கூரைக்குக் காற்று வாங்கிக் கொடுத்தது.

"அப்ப றெக்கையைப் பாத்தே அது எந்தப் பக்கம் சுத்தணும்னு சொல்லிடலாம், இல்லையா?"

"சொல்லலாம் அண்ணி. தடிச்ச விளிம்பு முன்னால போய்க் காத்தை வெட்டும். மெல்லிசு பின்னால வரும்."

"அப்ப கிளம்பு. இந்தத் துண்டுக்கு உடம்பு எங்க இருக்குன்னு பாத்துட்டு வருவோம்."

பட்டறையில் டிசைனர் இல்லை. தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டதால் மதியம்வரை அங்கேதான் இருப்பாராம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான் எங்களை உள்ளே விட்டார். நான் நுழைந்ததும் வெல்டிங் மேஜையிலிருந்து ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கத்தினார்.

"வாங்க சார்! நீங்க வெச்ச பேருதான் இன்னும் ஓடிட்டிருக்கு! எங்கே எது கோணலா இருந்தாலும் 'டெய்லர் தச்சதா'ன்னுதான் கேக்கறோம்!"

கைதட்டி வரவேற்றார்கள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என் நகைச்சுவைக்கு மரியாதை செய்தது இதுவே முதல்முறை. பதிலுக்குச் சிரிக்காமல் அண்ணியின் பின்னால் போய் நின்றேன்.

சுவரோரமாக மெஷின்கள் வரிசையாக நின்றன. அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்க, ஸ்டோர் அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். இது முதுகில் மாட்டி ஓடுகிற சாதாரண மாடல். கூண்டு நாலு துண்டாகக் கழன்று கார் டிக்கியில் அடங்கிவிடும். அது மூணு சக்கர மாடல். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்தபடியே ஓட்டிக்கொண்டு ஏறலாம். மூலையில் இருப்பது பேட்டரி மாடல். சத்தம் கிடையாது, ஆனால் ஏறின வேகத்தில் இறங்கிவிட வேண்டும்.

"எஞ்சின்ல எத்தனை வகைம்மா?"

"ரெண்டு. எஞ்சின் வேகத்துக்கு அப்படியே சுத்தினா றெக்கை தாங்காது. நடுவுல வேகத்தைக் குறைக்கணும். பழைய மாடல்ல பெல்ட் போட்டுக் குறைக்கறோம். புதுசுல கியர். பெல்ட்னா எஞ்சின் சுத்தற பக்கமே றெக்கையும் சுத்தும். கியர்ல பல்லோட பல்லு கடிச்சுத் திருப்பறதால எதிர்ப்பக்கம் சுத்தும். அதனால ரெண்டுக்கும் றெக்கை வேற வேற."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

விபத்தான மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கூண்டு சப்பையாகியிருந்தது. பெல்ட் எஞ்சின். புரொப்பெல்லரில் ஒரு றெக்கை முழுசாக இருந்தது, இன்னொன்று பாதியில் முறிந்திருந்தது. அண்ணி துண்டை முறிந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் இல்லை. முழு றெக்கைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

தட்டைப் பக்கம் எங்களைப் பார்க்க, நுனி மேலே இருக்கும்படி பிடித்தால், மெஷினில் இருந்த றெக்கைக்குத் தடித்த விளிம்பு இடது பக்கம். எங்கள் துண்டுக்கு வலது பக்கம்.

"இடது கால் செருப்புக்கு வலது கால் ஜோடி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

"அம்மா, கியர் மாடல் பறந்திருக்கா?"

"எங்கே! அதுக்கு உடம்பே இன்னும் தயாராகல. ஃப்ரேம்ல வெல்டிங் விட்டுப்போச்சு. எஞ்சின் மட்டும் டேபிள்மேல உக்காந்திருக்கு. றெக்கை ரெண்டு செட் வந்துச்சு. தோ, மாட்டியிருக்கு பாருங்க."

சுவரில் இரண்டு கொக்கி. ஒன்றில் புரொப்பெல்லர் தொங்கியது. இன்னொன்று காலி. ஸ்டோர் அம்மா அந்தக் கொக்கியையே பார்த்தபடி நின்றார்.

"பறக்காத எஞ்சினோட றெக்கை வேலியோரப் புதர்ல எப்படிப் போய் விழுந்துச்சு?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டார். அது ஸ்டோர் அம்மாவிடம் கேட்ட கேள்வி அல்ல.

டிசைனர் வீடு இரண்டு தெரு தள்ளி. முன்னறையில் கட்டில் போட்டு, தங்கை கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டிசைனர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். அண்ணி உட்காரவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான். தரையை விட்டதும் மெஷின் எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

"அதான் முதல்லயே சொல்லியாச்சே மேடம்" என்று டிசைனர் முந்திக்கொண்டார். "பட்டை சரியில்ல, இடது பக்கம்…"

"உங்களைக் கேக்கல. அது உங்க முதுகுல இல்ல."

தங்கை கூரையைப் பார்த்தபடி, "இடது" என்றார்.

"எவ்வளவு?"

"முழுசா. கையால அடக்க முடியல."

"பெல்ட் மாடல் வலது பக்கம் இழுக்கும். அதை அடக்கத்தான் வலதுபட்டையைக் கட்டையா வெக்கறாங்க. ரெண்டு விரல் கட்டைக்கு முழுசா இடது பக்கம் போகாது. ஆனா அதே பட்டையோட, எதிர்ப்பக்கம் சுத்தற எஞ்சினை மாட்டினா? எஞ்சினும் இடது பக்கம் தள்ளும், பட்டையும் இடது பக்கம் தள்ளும். அப்படித்தானே சார்?"

கத்தி ஆப்பிளில் பாதியில் நின்றது. நான் துண்டை எடுத்து ஸ்டூல் ஓரத்தில் வைத்தேன். டிசைனர் அதைத் தொடவில்லை. பெற்ற பிள்ளையை அடையாளம் காட்டச் சொன்னவர் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மாட்டினேன்" என்றார் கடைசியில்.

"எதுக்கு?"

"கியர் எஞ்சின் நமக்குத் தேவையில்லைன்னு இவ சொல்லிட்டே இருந்தா. எட்டு மாசம் ராப்பகலா உக்காந்து வரைஞ்சது மேடம். சொல்லாம மாட்டிவிட்டு, இறங்கி வந்ததும் 'இன்னைக்கு மெஷின் என்னமா போகுது'ன்னு இவ வாயால சொல்ல வெச்சிட்டு, அப்புறம் மூடியைத் திறந்து காட்டணும்னு ஆசை. மெக்கானிக் முந்தின நாளே பட்டையைக் கட்டிட்டுப் போயிட்டார். விடியற நேரத்துல நானே எஞ்சினை மாத்தினேன். பட்டையை மாத்தணும். மறந்துட்டேன். நான் வரைஞ்சது, எந்தப் பக்கம் சுத்தும்னு எனக்குத் தெரியாதா? மறந்துட்டேன்."

தங்கையை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, பட்டறைக்கு ஓடி, பழைய எஞ்சினை மறுபடி மாட்டி, நல்ல றெக்கை ஒன்றைத் தன் கையாலேயே சுத்தியலால் அடித்து உடைத்திருக்கிறார். பறந்துபோன துண்டை மட்டும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இவ முகத்துல எப்படி முழிப்பேன்னுதான் தோணிச்சு. வேற எதுவும் தோணல. நீங்க வந்து பட்டையைக் கேட்டீங்க. காரணம் இல்லைன்னுட்டேன்."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அண்ணி கட்டில் பக்கம் திரும்பினார். எந்தத் தங்கையும் கேட்கக் கூடாத செய்தி இது என்ற எண்ணத்தில், குரலைத் தாழ்த்தி ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றார் தங்கை.

டிசைனர் நிமிர்ந்தார்.

"ஸ்டார்ட் பண்ணும்போதே சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. பெல்ட் இப்படிப் பாடாது. என்னன்னு நினைச்சேன். இறக்கி வெச்சுப் பாத்திருக்கணும். பறக்கறதுக்கு முன்னால மெஷினை ஒரு சுத்து சுத்திப் பாக்கறது என் வேலை. எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன்! அண்ணன் மாட்டிவிட்டதுதானேன்னு பாக்கல. கால் தரையை விட்ட ரெண்டாவது நொடி, இடது பக்கம் தூக்கி வீசினப்பவே புரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்ட…" என்று இழுத்தார் டிசைனர்.

"நீ என் முகத்தைப் பாக்காம ஆப்பிள் வெட்டிட்டே இருந்த. நான் உன் முகத்தைப் பாக்காம தின்னுட்டே இருந்தேன். ரெண்டு பேருக்கும் அது வசதியா இருந்துச்சு." அவர் அண்ணியைப் பார்த்தார். "சொல்லிடணும்னுதான் இருந்தேன் மேடம். என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள கோத்துக்கூட வெச்சிருந்தேன். அன்னைக்குப் பாத்து உங்க அறிக்கை வந்துச்சு. அதுல பதில் இருந்துச்சு. கையெழுத்துப் போட்ட பதில். அது மெக்கானிக்னு இருந்துச்சு. அவர் எனக்கு ஒரு நாள்கூடத் தப்பாப் பட்டை கட்டினதில்ல. அது தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

அண்ணி கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஒரு பொய்யைத் தேடி வந்து, அது பிழைக்க இடம் கொடுத்ததே நாங்கள்தான் என்று தெரிந்துகொண்டோம்.

அன்று மாலையே அண்ணி புது அறிக்கையை எழுதினார். எஞ்சின், பட்டை, றெக்கை எல்லாம் நாலே வரி. கடைசிப் பத்தி மட்டும் நீளம். முதல் அறிக்கை தவறானது, வேலை தெரிந்தவர் சொன்னதைக் கேட்காமல் எழுதியது, அந்தத் தவறு முழுக்கத் தன்னுடையது என்று.

"இதைக் கொடுத்தா கம்பெனி இனிமே நமக்கு ஒரு கேஸும் தராது அண்ணி."

"தராது."

"அந்தப் பத்தி இல்லாமலும் உண்மை வெளிய வந்துடுமே?"

"டிசைனரோட உண்மை வரும். என்னோடது வராது." கையெழுத்துப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை பட்டறையில் எல்லாரையும் கூட்டச் சொன்னார். மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தோம். வந்தார். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அதனால் எல்லாருமே கேட் பக்கம் போய் நின்றோம். டிசைனர் எஞ்சின் மாற்றியதைச் சொன்னார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. அண்ணி அறிக்கையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாகப் படித்தார். தன்னைப் பற்றிய பத்தியைப் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பத்தியை மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெல்டிங்காரர் ஏற்கெனவே பாதி சிரிப்போடு தயாராக இருந்தார்.

என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

"அன்னைக்கு இவர் சரியாச் சொல்லிட்டிருந்தார்" என்றேன். "நான்தான் நடுவுல புகுந்து சிரிக்க வெச்சேன். தெரியாத விஷயத்துல ஜோக் அடிச்சேன். அந்தப் பேரை இனிமே யாரும் சொல்லாதீங்க. சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க."

வெல்டிங்காரர் முகத்திலிருந்த பாதிச் சிரிப்பு அணைந்தது. ஸ்டோர் அம்மா மெக்கானிக்கிடம், "நானும் சிரிச்சேன்ப்பா" என்றார். ஒவ்வொருவராகக் கலைந்து உள்ளே போனார்கள்.

டிசைனர் கையைப் பிசைந்துகொண்டு, வேலைக்குத் திரும்பி வரும்படி கேட்டார். மெக்கானிக் தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று. புல் வெட்டும் மெஷின் ரிப்பேர் செய்யும் கடையில் சேர்ந்துவிட்டாராம்.

"எனக்கு அறிக்கையில ஒரு காப்பி வேணும் மேடம்" என்றார். "பொண்ணுகிட்டக் கொடுக்கணும்."

அண்ணி முத்திரை போட்ட பிரதியையே நீட்டினார். அவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பைக்கில் ஏறி உட்கார்ந்தவர், சாவியைப் போடாமல் திரும்பிப் பார்த்தார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லிடலாம்னுதான் வந்தேன். வாய்ல வர மாட்டேங்குது மேடம்."

"வர்றப்ப சொல்லுங்க. வரலைன்னாலும் அது உங்க இஷ்டம்" என்றார் அண்ணி.

அவர் வண்டியைக் கிளப்பினார். எங்கள் காரைத் தாண்டும்போது மெதுவாக்கி, என்னைக் கூப்பிட்டார்.

"சார், பின்பக்க டயர்ல காத்து கம்மியா இருக்கு. பாத்துப் போங்க."

அவர் போய்விட்டார். நான் காருக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து டயரை அமுக்கிப் பார்த்தேன். உண்மைதான், காற்று இறங்கியிருந்தது. பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் அண்ணி இரண்டு முறை கூப்பிடும்வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.